சொல் ஒன்று, மெட்டு ஊருக்கு ஒன்று

வெள்ளிக்கிழமை பொழுது சாயும் நேரத்தில் உலகெங்கும் யூதர்கள் ஒரே பாட்டைப் பாடுகிறார்கள். ஓய்வுநாளை மணப்பெண்ணாகப் பாவித்து எதிர்கொண்டு அழைக்கும் ‘லெக்கா தோதி’ அது. கலிலேயா மலைமேல் உள்ள சஃபேத் என்ற சிற்றூரில், 16ஆம் நூற்றாண்டில், ஷ்லோமோ அல்கபெட்ஸ் இயற்றியது. பிரார்த்தனைப் புத்தகத்தில் அதன் சொற்கள் எங்கும் ஒன்றே. காதுக்கு வரும்போதுதான் அது பல பாட்டாகிறது. மொராக்கோக்காரர்கள் அந்தலூசிய இசையின் நடையில் பாடுகிறார்கள். சிரியாவின் அலெப்போ வழிவந்தவர்கள் அந்த வாரத்துக்கு உரிய அரபு மகாமில், அதாவது அரபு ராகத்தில், பாடுகிறார்கள். கிழக்கு ஐரோப்பிய பக்தி இயக்கத்தாரான ஹசீதியர்களிடம் அது கால்களை ஆட இழுக்கும் மெட்டு. 19ஆம் நூற்றாண்டு பெர்லினில் லூயி லெவன்டோவ்ஸ்கி அதே வழிபாட்டுக்கு ஆர்கனும் நான்கு குரல் சேர்ந்திசையும் அமைத்துக் கொடுத்தார்.

இவற்றில் எது யூதர்களின் இசை?

நூறாண்டுக்கும் மேலாக ஆய்வாளர்கள் கேட்டு வரும் கேள்வி இது. ஆதியில் ஒரு மெட்டு இருந்தது, மக்கள் சிதறியபோது அதுவும் சிதறியது என்று நம்பியவர்கள் உண்டு. கிடைத்திருக்கும் சான்றுகள் வேறு பக்கம் கைகாட்டுகின்றன. போன இடமெல்லாம் யூதர்கள் அந்த ஊர் இசையைக் கற்றார்கள், அதில் தேர்ந்தார்கள், சில ஊர்களில் அந்த இசையின் முதல்வரிசைக் கலைஞர்களாகவும் இருந்தார்கள். ஊரைவிட்டு வெளியேறிய பிறகும் அதைக் கைவிடவில்லை. பக்கத்து வீட்டாரோடு கொண்ட இந்த உறவுதான் யூதப் பாட்டின் பெரிய செல்வம். பழமையைத் தேடிப் போகிறவர்கள் பலமுறை அதைத் தாண்டிப் போயிருக்கிறார்கள்.

வாத்தியத்தின் கதையிலிருந்து தொடங்கலாம். ஜெருசலேம் ஆலயத்தில் லேவியர்கள் நரம்புக் கருவிகளும் கைத்தாளமும் சேர சங்கீதங்களைப் பாடி வந்தார்கள். கி.பி. 70இல் ரோமானியர் அந்த ஆலயத்தை அழித்தார்கள். துக்கத்தின் அடையாளமாக வழிபாட்டிலிருந்து கருவிகள் விலக்கப்பட்டன. ஓய்வுநாளில் கருவி வாசிப்பதற்கும் தடை வந்தது. ஆட்டுக்கடாக் கொம்பான ஷோஃபார் மட்டும் தப்பியது. அதுவும் ஆண்டில் சில நாட்களுக்கே. ஆகவே பிரார்த்தனையின் முழுப் பாரமும் மனிதக் குரலின்மேல் விழுந்தது. அந்தக் குரலுக்குச் சொந்தக்காரர் ஹஸான். தேவாரத்தைப் பண்ணோடு பாடும் ஓதுவாரை அறிந்தவர்களுக்கு அவருடைய இடம் ஓரளவு பிடிபடும். ஆனால் ஹஸான் சபையின் பிரதிநிதி. எல்லாருக்குமாக இறைவன் முன் நின்று மன்றாடுகிறவர் என்பதால், மனோதர்மத்துக்கு அவருக்கு நிறையவே இடம் உண்டு.

பாட்டுக்கும் ஓதலுக்கும் நடுவே நிற்பது, எபிரேய வேதத்தின் முதல் ஐந்து நூல்களான தோராவின் வாசிப்பு. 9, 10ஆம் நூற்றாண்டுகளில் திபேரியாவில் வாழ்ந்த மசோரெத் அறிஞர்கள், எபிரேய வேதத்தின் ஒவ்வொரு சொல்லுக்கும் மேலும் கீழும் நுண்ணிய குறிகளை இட்டுவைத்தார்கள். எங்கே நிறுத்துவது, எந்தச் சொல்லை எதனோடு சேர்ப்பது, எப்படி ராகம் இழுப்பது என்று மூன்றையும் ஒருசேரக் காட்டும் குறிகள் அவை. ஆரோன் பென் ஆஷேர் சரிபார்த்த அலெப்போ சுவடி இந்த மரபின் மிக மதிப்புக்குரிய பிரதி. வியப்பு என்னவென்றால், குறி ஒன்றாக இருந்தும் ஒலி ஒன்றாக இல்லை. லிதுவேனிய யூதரும் பாக்தாத் யூதரும் ஒரே குறியைப் பார்த்து வெவ்வேறு சுரங்களைப் பாடுகிறார்கள். ஏமன் யூதர்களிடம் இன்னொரு வழக்கமும் உண்டு. ஒவ்வொரு வசனத்தையும் எபிரேயத்தில் ஓதியதும், அதன் அரமேய மொழிபெயர்ப்பை ஒரு சிறுவன் தனி மெட்டில் ஓதுவான். மற்ற சமூகங்களில் எப்போதோ நின்றுபோன பழக்கம் இது.

இந்த வேற்றுமைகளை முதலில் முழுமூச்சாகத் தொகுத்தவர் ஆபிரகாம் ஸ்வி இடெல்சோன். 1882இல் லாட்வியாவில் பிறந்து, ஹஸானாகப் பயிற்சி பெற்று, 1907இல் ஜெருசலேமுக்கு வந்தார். அந்தச் சிறு நகரத்தின் சந்துகளிலேயே ஏமன், பாரசீகம், புகாரா, அலெப்போ, மொராக்கோ என்று எல்லா ஊர் யூதர்களும் இருந்தார்கள். உலகம் சுற்ற வேண்டிய தேவை அவருக்கு ஏற்படவில்லை. வியன்னாவின் ஒலிக்காப்பகம் தந்த கருவியைக் கொண்டு 1911 முதல் 1913 வரை அவர் பதிவுகள் செய்தார். 1914இல் வெளிவரத் தொடங்கிய அவருடைய எபிரேய மெட்டுகளின் களஞ்சியம் பத்துத் தொகுதிகளாக வளர்ந்தது. இன்றைக்கும் இத்துறையில் யாரும் அதைத் தொடாமல் நகர முடியாது.

இடெல்சோன் ஒரு நம்பிக்கையோடுதான் வேலை செய்தார். ஆலயம் அழியும் முன் இருந்த ஒரு பொது மூலத்தின் சாயல் எல்லாச் சமூகங்களின் ஓதலிலும் தெரியும் என்பது அந்த நம்பிக்கை. ஏமன் யூதர்களின் ஓதலுக்கும் ரோமன் கத்தோலிக்கரின் கிரிகோரிய கீதத்துக்கும் இடையே ஒற்றுமைகளைச் சுட்டிக்காட்டினார். சில ஓதல் வடிவங்கள் மிகப் பழையவையாக இருக்கலாம் என்பதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் பத்துத் தொகுதிகளையும் புரட்டினால் முதலில் கண்ணில் படுவது பன்மைதான். ஒவ்வொரு சமூகத்தின் இசையும் தன்னைச் சுற்றியுள்ள இசையோடு உறவு கொண்டிருக்கிறது. உலகமே அறிந்த ‘ஹவா நகிலா’வின் மெட்டும் அப்படிப்பட்டதே. சாதிகோரா ஹசீதியர்கள் சொல்லில்லாமல் பாடிவந்த ஒரு மெட்டு அது. இடெல்சோன் அதற்கு 1918இல் எபிரேயச் சொற்களை அமைத்தார். கல்யாண வீடுகளில் அதைக் கேட்கும் பலர் தாவீது அரசன் காலத்துப் பாட்டு என்றே எண்ணிக்கொள்கிறார்கள்.

அடுத்தவர் மெட்டை எடுத்துக்கொள்வதை யூதர்கள் மறைத்ததில்லை. அதை ஒரு கலையாகவே வளர்த்தவர் 16ஆம் நூற்றாண்டின் கவிஞர் இஸ்ரயேல் நஜாரா. டமாஸ்கஸ், சஃபேத் வட்டாரத்தில் வாழ்ந்து, கடைசியில் காஸாவில் ரபியாக இருந்தவர். 1587இல் சஃபேத்தில் அச்சான அவருடைய பாட்டுத் தொகுப்பில், ஒவ்வொரு பாட்டின் தலையிலும் அது எந்தத் துருக்கிய, அரபு, ஸ்பானியப் பாட்டின் மெட்டு என்று குறித்திருந்தார். நம் பழைய நாடகப் புத்தகங்களிலும் கீர்த்தனை நூல்களிலும் ‘வர்ணமெட்டு’ என்று தலைப்பில் போடுவார்களே, அதே முறை. நஜாரா இன்னும் ஒரு படி மேலே போனார். மூலப் பாட்டின் முதல் சொற்கள் எப்படி ஒலிக்குமோ அதற்கு நெருக்கமாக ஒலிக்கும் எபிரேயச் சொற்களைத் தேடிப் போட்டார். தெருவில் காதல் பாட்டாகக் கேட்டது ஜெப ஆலயத்தில் துதியாக ஒலித்தது. மறைஞானி ஹயீம் விதால் அவரைக் கடுமையாகச் சாடினார். பாட்டோ பரவிக்கொண்டே போனது. நஜாரா அரமேயத்தில் எழுதிய ‘யா ரிப்போன்’ இன்று கிழக்கு ஐரோப்பிய யூதர் வீட்டு ஓய்வுநாள் பந்தியிலும் ஒலிக்கிறது.

அவருடைய வழியில் மிக நீண்ட தூரம் நடந்தவர்கள் அலெப்போக்காரர்கள். அவர்களுடைய பாட்டுக்கு ‘பிஸ்மோன்’ என்று பெயர். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ரஃபாயேல் தபூஷ் அரபு மெட்டுகளுக்கு எபிரேயச் சொற்களை எழுதிக் குவித்தார். அவருடைய மாணவர் மோசே ஆஷெர் அமெரிக்காவுக்குப் போய் புரூக்ளினில் அந்த மரபை நாட்டினார். குழந்தை பிறந்தால், பையன் முதன்முதலாகத் தோரா வாசித்தால், கல்யாணம் நடந்தால், அந்தக் குடும்பத்தார் பெயர்களைச் சொல்லுக்குள் ஒளித்து வைத்துப் புதுப் பிஸ்மோன் எழுதுவார்கள். மெட்டு எகிப்தியப் பாடகி உம் குல்சூமுடையதாக இருக்கும், அல்லது அந்நாட்டு முகமது அப்துல் வஹாபுடையதாக இருக்கும். எகிப்துக்கும் இஸ்ரேலுக்கும் போர் நடந்த ஆண்டுகளிலும் இந்தப் பழக்கம் நிற்கவில்லை.

ஒவ்வொரு ஓய்வுநாளுக்கும் அன்று வாசிக்கும் தோராப் பகுதியை ஒட்டி ஒரு மகாம் உண்டு. துக்கச் செய்தி வரும் வாரம் ஹிஜாஸ். விருத்தசேதனம் வரும் வாரம் ஸபா. மகிழ்ச்சியான நாட்களுக்கு அஜம். ஹஸான் அந்த மகாமில்தான் பிரார்த்தனையை நடத்த வேண்டும். மார்கழியில் திருப்பாவைக்கு நாளுக்கொரு ராகம் வைத்துப் பாடிப் பழகிய நாட்டில் இதைப் புரியவைக்க மெனக்கெட வேண்டியதில்லை. ஜெருசலேமில் 1901இல் எழுந்த அதெஸ் ஜெப ஆலயத்தில், குளிர்கால ஓய்வுநாள்களில் விடிவதற்குப் பல மணி நேரம் முன்பே கூடி, இரு பக்கமாக உட்கார்ந்து ‘பக்கஷோத்’ என்னும் வேண்டுதல் பாடல்களை மாறி மாறிப் பாடுகிறார்கள்.

மதத் தலைவர்கள் எல்லாரும் விதாலைப் போல் எதிர்த்தார்கள் என்று நினைத்துவிடக் கூடாது. பாக்தாத்தில் பிறந்து இஸ்ரேலின் தலைமை ரபியான ஓவாதியா யோசேஃப், அரபுப் பாட்டின் மெட்டைப் பிரார்த்தனைக்கு எடுத்துக்கொள்வதில் தடையில்லை என்று தீர்ப்பு எழுதினார்.

மொராக்கோவிலும் குளிர்காலப் பாட்டு உண்டு. அங்கே அதன் அடித்தளம் முஸ்லிம்களும் யூதர்களும் பொதுவாகப் பேணிய அந்தலூசிய நூபா. 1921இல் மராகேஷில் அச்சான ‘ஷீர் யெதிதோத்’ அந்தப் பாடல்களின் அடிப்படை நூல். கண்பார்வை இழந்த பெரும் பாடகர் தாவீது புஸாக்லோ 1965இல் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்து, அங்கே ஊர் ஊராகப் போய்ச் சிதறிக்கிடந்த மொராக்கோ யூதர்களுக்குப் பாட்டைத் திருப்பிக் கொடுத்தார். ஆலயத்துக்கு வெளியே சோஹ்ரா அல் ஃபாஸியா இருந்தார். அரண்மனையிலும் பாடிய குரல். 1962இல் இஸ்ரேல் வந்தபின் அவர் வாழ்ந்த வறிய வாழ்க்கையைக் கவிஞர் எரெஸ் பிட்டோன் கவிதையாக்கினார். அல்ஜீரியாவில் கண்பார்வையற்ற ரெனெத், ஊத் என்னும் நரம்புக் கருவியை வாசித்துக்கொண்டே பாடினார். அதே நாட்டின் கான்ஸ்டன்டைன் நகரத்தில் ரேமொன் லெரிஸ் மலூஃப் இசையின் மேதை. முஸ்லிம்கள் அவரை ‘ஷேக் ரேமொன்’ என்று மரியாதையோடு அழைத்தார்கள். 1961 ஜூன் 22 அன்று சந்தையில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். அந்நகர யூதர்களில் பெரும்பாலோர் அதன்பின் நாட்டைவிட்டுப் போனார்கள். அவருடைய மருமகன்தான் பிற்காலத்தில் பிரான்ஸில் புகழ்பெற்ற என்ரிகோ மசியாஸ்.

ஈராக்கின் கதையைக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். 1932இல் கெய்ரோவில் அரபு இசை மாநாடு நடந்தது. ஈராக்கிலிருந்து போன குழுவில் பாடகர் முகமது அல் குப்பான்ஜி முஸ்லிம். பக்கத்தில் உட்கார்ந்து வாசித்தவர்கள் யூதர்கள். ஊத் வாசித்த எஸ்ரா அஹரோன் குழுவுக்குத் தலைமை தாங்கினார். அக்காலத்து பாக்தாத் இசைமேடையின் நிலவரம் அது. குவைத்தில் பிறந்து வளர்ந்த சாலிஹ், தாவூத் சகோதரர்கள் பாக்தாதுக்கு வந்து, 1936இல் தொடங்கிய வானொலி நிலையத்தின் இசைக்குழுவை அமைத்தார்கள். சாலிஹ் வயலின், தாவூத் ஊத். ஈராக்கின் நவீனப் பாட்டுக்கு வடிவம் கொடுத்தவர்களில் சாலிஹுக்கு முதலிடம். பாடகி சலீமா முராத் பாடிப் பரவிய பாட்டுகள் பலவற்றுக்கு மெட்டமைத்தவர் அவர்தான்.

1950, 51 ஆண்டுகளில் ஏறக்குறைய 1,20,000 யூதர்கள் ஈராக்கிலிருந்து இஸ்ரேலுக்கு வந்தார்கள். சகோதரர்களும் அவர்களில் அடக்கம். பாக்தாதில் அவர்களுடைய பாட்டுகள் தொடர்ந்து ஒலித்தன. பெயர்கள் நீக்கப்பட்டு, ‘நாட்டுப்பாட்டு’ என்று அறிவிக்கப்பட்டன. இஸ்ரேலிலோ அரபு இசை எதிரியின் இசையாகப் பார்க்கப்பட்டது. சகோதரர்கள் அரபு மொழி வானொலியில் வாசித்துக்கொண்டு, கடை நடத்திப் பிழைத்தார்கள். இரண்டு நாடுகளும் சேர்ந்து இரண்டு கலைஞர்களை மறந்தன. சலீமா முராத் பாக்தாதிலேயே தங்கினார். பாடகர் நாசிம் அல் கஸாலியை மணந்து, 1974இல் அங்கேயே மறைந்தார்.

இசையறிஞர் குர்ட் சாக்ஸ் 1957இல் பாரிஸ் மாநாட்டில் யூத இசைக்கு ஓர் இலக்கணம் சொன்னார். யூதர்கள், யூதர்களுக்காக, யூதர்கள் என்ற நிலையில் படைத்ததே யூத இசை என்பது அதன் சாரம். பாடநூல்கள் இன்றும் அதை எடுத்தாள்கின்றன. பக்கஷோத்துக்கு அது பொருந்தும். சாலிஹின் பாட்டு அவர் ஈராக்கியர் என்ற நிலையில், ஈராக் முழுவதுக்குமாக எழுதியது. சாக்ஸின் கணக்கில் அது வெளியே நிற்கும். அந்த மெட்டுகளே பின்னர் பாக்தாத் யூதர்களின் வீட்டு விசேஷங்களில் அவர்களுடைய ஊரின் நினைவாக நின்றன. ஒரு சமூகம் தன்னுடையது என்று நெஞ்சில் வைத்திருக்கும் பாட்டை இலக்கணம் தள்ளிவிடுமானால், திருத்த வேண்டியது இலக்கணத்தைத்தான்.

புகாராவிலும் இதே உறவு. மத்திய ஆசியாவின் செவ்வியல் இசையான ஷஷ்மகாமில் யூதர்கள் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தவர்கள். லெவி பாபாகானோவ் அமீரின் அரசவையில் பாடினார். சோவியத் காலத்தில் பர்னோ இஸ்ஹாகோவா தாஜிகிஸ்தானின் பெருமைக்குரிய குரல். இன்று அந்த இசையை நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில் கேட்கலாம்.

1492இல் ஸ்பெயின் வெளியேற்றிய யூதர்களைப் பற்றி ஒரு கற்பனை ஊறிப்போயிருக்கிறது. ஐந்நூறு ஆண்டுகளாகச் சலோனிகாவிலும் இஸ்மிரிலும் சரயேவோவிலும் அவர்கள் இடைக்கால ஸ்பெயினின் பாட்டுகளை அப்படியே பாடிவந்தார்கள் என்பது அது. பாதி உண்மை. அரசர், அரசி, சிறைப்பட்ட கணவன் பற்றிய நீண்ட கதைப்பாட்டுகளான ‘ரொமான்ஸா’க்கள் ஸ்பெயினில் மறைந்தபின்னும் இவர்களுடைய பாட்டிமார் வாயில் இருந்தன. அதனால்தான் மெனெந்தெஸ் பிதால் போன்ற ஸ்பானிய அறிஞர்கள் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இவர்களைத் தேடினார்கள். ஆனால் அந்தச் சொற்கள் ஏறி உட்கார்ந்திருந்த மெட்டுகள் பெரும்பாலும் கிழக்கே ஒட்டோமான் இசையையும் மேற்கே மொராக்கோவையும் சேர்ந்தவை. மேடைகளில் ‘பழைய ஸ்பானிய யூதப் பாட்டு’ என்று வருபவற்றில் பல 19ஆம் நூற்றாண்டின் இறுதிக்கும் அதன் பின்னருக்கும் உரியவை. எட்டு விளக்கேற்றும் ஹனுக்கா பண்டிகைக்கு எங்கும் பாடப்படும் ‘ஒச்சோ காந்தெலிகாஸ்’ இதற்கு நல்ல உதாரணம். சரயேவோவில் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்த ஃப்ளோரி ஹகோடா 1983இல் எழுதியது அது. பாட்டியிடம் கற்ற, ஸ்பானிய யூதரின் லடினோ மொழியில், நாஜிப் படுகொலையில் போய்விட்ட தன் உறவினரின் வீட்டை நினைத்து எழுதினார். அந்தப் பாட்டின் மதிப்பு அதன் வயதில் இல்லை.

ஏமனில் ஆண்களின் பாட்டும் பெண்களின் பாட்டும் மொழியாலேயே பிரிந்து நின்றன. ஆண்கள் ‘திவான்’ என்ற தொகுப்பிலிருந்து எபிரேயம், அரமேயம், அரபு கலந்த கவிதைகளைப் பாடி ஆடினார்கள். தொகுப்பின் பெரும்புலவர் 17ஆம் நூற்றாண்டின் ஷாலோம் ஷபாஸி. கருவிக்கு இடமில்லாத ஊரில் செம்புத் தட்டும் தகர டப்பாவும் தாளம் போட்டன. பெண்கள் எழுதப் படிக்கக் கற்கவில்லை. அவர்கள் அரபில், தங்கள் வாழ்க்கையைப் பற்றியே பாடினார்கள்: சிறுவயதுக் கல்யாணம், புகுந்த வீடு, விட்டுப்போன காதலன். 1949, 50இல் ஏமன் யூதர்களில் பெரும்பாலோர் விமானத்தில் இஸ்ரேல் வந்தார்கள். டெல் அவீவின் ஹதிக்வா குடியிருப்பில் வளர்ந்த ஓஃப்ரா ஹாஸா 1984இல் ஏமன் பாட்டுகளைத் தனி இசைத்தட்டாக வெளியிட்டார். அதிலிருந்த ஷபாஸியின் ‘இம் நினாலு’ 1988இல் நடனத் தாளத்தோடு மறுபடி வந்து ஐரோப்பா முழுவதும் ஒலித்தது. மூன்று நூற்றாண்டுக்கு முந்தைய புலவர் ஒருவரின் சொல் நடன அரங்குகளைப் பிடித்தது அபூர்வமான காட்சி.

கிழக்கு ஐரோப்பா பக்கம் திரும்பினால், கர்நாடக இசை கேட்ட காதுக்கு அங்கே தெரிந்த முகங்கள் தென்படும். அங்குள்ள அஷ்கெனாசி யூதர்களின் வழிபாட்டில் முக்கிய ராகமான ‘அஹவா ரப்பா’வின் சுரங்கள் நம் வகுளாபரணத்தின் சுரங்கள். ‘மீ ஷெபேராக்’ என்பதன் சுரங்களை அடுக்கினால் ஹேமவதி வரும். ஒற்றுமை சுரத்தானத்தோடு நின்றுவிடுகிறது. கமகமும் சஞ்சாரமும் வேறு. விம்மலை ஒத்த ஓர் அசைவு அவர்களுடைய தனி முத்திரை.

அஷ்கெனாசி ஹஸான் பாட்டின் உச்சக்கட்டம் இசைத்தட்டுக் காலம். வியன்னாவில் சாலமோன் சுல்ட்சர் 19ஆம் நூற்றாண்டிலேயே ஹஸான் பதவிக்குக் கச்சேரி மேடையின் மதிப்பைக் கொண்டுவந்தார். ஷூபர்ட் 1828இல் 92ஆம் சங்கீதத்துக்கு எபிரேயத்திலேயே இசை அமைத்தது அவருக்காக. வார்சாவின் கெர்ஷோன் சிரோட்டா இசைத்தட்டில் பாடிய முதல் ஹஸான்களில் ஒருவர். 1943இல் வார்சா கெட்டோவில் மாண்டார். எல்லாரிலும் புகழ்பெற்றவர் யோசெலே ரோசன்பிளாட். 1918இல் சிகாகோ ஆப்பெரா ஒரு நிகழ்ச்சிக்கு 1,000 டாலர் தர முன்வந்தும், ஹஸானின் இடம் ஆலயமே என்று மறுத்துவிட்டார். பின்னர் நம்பிப் பணம் போட்ட ஒரு பத்திரிகை நொடித்துப்போக, கடனை அடைக்க நாடு முழுதும் மேடையேறிப் பாடினார். 1927இன் ‘த ஜாஸ் சிங்கர்’ படத்தில் ரோசன்பிளாட்டாகவே வந்து பாடினார். அவருடைய தட்டுகளில் அந்தரத்துக்குத் தாவும் மென்குரலைக் கேட்கிறவர்கள் அதை மறப்பதில்லை.

ஹசீதியர்கள் எதிர்ப்பக்கம் போனார்கள். பயிற்சி பெற்ற குரல் வேண்டாம், சொல்லும் வேண்டாம்; மனம் உருகும் மெட்டு போதும். அதுதான் ‘நிகுன்’. ஹங்கேரியின் நாட்யகால்லோ ரபி ஐசக் தௌப் பற்றி அவர்கள் சொல்லும் கதை ஒன்று உண்டு. வயலில் ஓர் ஆட்டிடையன் சேவல் கூவுவதைப் பற்றிய காதல் பாட்டைப் பாடக் கேட்டு, காசு கொடுத்து அதை வாங்கினாராம். காத்திருக்கும் காதலியை ஜெருசலேமாக மாற்றிக்கொண்டு அந்த ஹங்கேரியப் பாட்டை ஹங்கேரிய மொழியிலேயே இன்றும் பாடுகிறார்கள். நஜாரா செய்ததும் இதுவே. நாயகி பாவத்தில் ஆழ்வார்கள் பாடியதை அறிந்தவர்களுக்கு இந்த மாற்றம் அந்நியமாகத் தோன்றாது.

கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் பேச்சுமொழியான யித்திஷின் நாட்டுப்பாட்டு இன்னொரு பெரிய கடல். கின்ஸ்பர்க், மாரெக் இருவரும் 1901இல் 376 பாட்டுகளைத் தொகுத்து அச்சிட்டார்கள். எழுத்தாளர் அன்ஸ்கி 1912 முதல் 1914 வரை உக்ரைனின் சிற்றூர்களுக்குப் பதிவுக் கருவியோடு போனார். அந்த வேலையைச் சோவியத் காலத்தில் தொடர்ந்தவர் மோசே பெரெகோவ்ஸ்கி. 1950இல் அவரைக் கைது செய்து முகாமுக்கு அனுப்பினார்கள். அவருடைய மெழுகு உருளைகள் அழிந்தன என்றே உலகம் நம்பியது. 1990களில் கீவ் நகரின் வெர்னாட்ஸ்கி நூலகத்தில் அவை கிடைத்தன. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் சாதாரண மக்கள் எழுதிய பாட்டுகளின் கைப்பிரதிகளும் அங்கே இருந்தன. அவற்றிலிருந்து உருவான ‘யித்திஷ் குளோரி’ 2018இல் வெளிவந்தது. பாடியவர்களின் பேரப்பிள்ளைகள் காலத்தில்தான் அந்தச் சொற்களுக்கு மறுபடி குரல் கிடைத்தது. கிராகோவின் தச்சர் மொர்தெகாய் கெபிர்டிக்குக் கொஞ்சம் பாக்கியம் இருந்தது. அவருக்கு இசைக்குறிப்பு எழுதத் தெரியாது. நண்பர்கள் கேட்டு எழுதி வைத்தார்கள். 1942 ஜூனில் கெட்டோவில் அவரைச் சுட்டுக் கொன்றபோது அவருடைய தாலாட்டுகள் ஏற்கெனவே பல வீடுகளில் இருந்தன.

இவ்வளவு பேர் வந்துபோன கதையில் பெண்களின் இடம் தனியாகச் சொல்லப்பட வேண்டியது. ஆண்கள் காதில் பெண்ணின் பாட்டு விழக் கூடாது என்பது யூதச் சட்டநூலான தால்மூதிலிருந்து வளர்ந்த விதி. ஆலயத்தில் அவர்கள் பாட முடியவில்லை. ஆகவே தாய்மொழிப் பாட்டு அவர்களுடைய உடைமையாயிற்று: லடினோ தாலாட்டு, ஏமன் அரபுக் கல்யாணப்பாட்டு, யித்திஷ் காதல் பாட்டு. அச்சேறிய எபிரேயம் ஊர் மாறினாலும் பிழைத்தது. பேச்சுமொழி செத்தால் பெண்கள் பாட்டும் கூடச் செத்தது. யூத இசையின் பேரிழப்பு இந்தப் பக்கம்தான் நிகழ்ந்தது. தொகுப்பாளர்கள் இங்கே தாமதமாகவே வந்தார்கள். அமெரிக்காவில் சோஃபி குர்ட்சர், ஃப்ரேதெலே ஓய்ஷெர் போன்ற பெண்கள் ஹஸான் பாட்டை நாடக மேடையிலும் இசைத்தட்டிலும் பாடினார்கள். ஆலயத்தின் வாசல் திறக்க 1975 ஆனது. அந்த ஆண்டுதான் சீர்திருத்தப் பிரிவு பார்பரா ஓஸ்ட்ஃபெல்டை முதல் பெண் ஹஸானாக ஏற்றது.

ஆனால் விதி எங்கும் ஒரே மாதிரி இல்லை. கொச்சி யூதர்களிடையே பெண்கள் கல்யாணத்திலும் பண்டிகையிலும் ஆண்கள் இருக்கும் சபையிலேயே உரக்கப் பாடினார்கள். எபிரேயத் துதிகளும் அவர்களுக்குத் தெரியும். தனிச் சொத்தாக அவர்களிடம் இருந்தவை மலையாளப் பாட்டுகள். வேதக் கதைகள், ஆலயம் கட்டிய வரலாறு, மணமகனின் சிறப்பு, கிளியை விளித்துப் பாடுவது என்று அவை விரிகின்றன. கிளியைத் தூது விடும் தமிழ் மரபுக்கும் மலையாளக் கிளிப்பாட்டுக்கும் பக்கத்து வீட்டுப் பாட்டு அது. பாட்டுகளை நோட்டுப் புத்தகங்களில் எழுதி, தாய் மகளுக்குக் கொடுத்தாள். வட்டெழுத்தில் பொறித்த ஜோசப் ரப்பான் செப்பேட்டில் சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன் வழங்கிய உரிமைகளில் பறையும் காளமும் இடம்பெற்றிருப்பதை இங்கே நினைத்துக்கொள்ளலாம். இசை முழங்க ஊர்வலம் போகும் மரியாதை ஆயிரம் ஆண்டுக்கு முன்பே அவர்களுக்குக் கிடைத்திருக்கிறது.

கொங்கணக் கரையின் பெனே இஸ்ரயேல் யூதர்கள் வேறு வழியைக் கண்டார்கள். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மராத்தி கீர்த்தன வடிவத்தை எடுத்து, யோசேப்பு முதலியோரின் வேதக் கதைகளைப் பாட்டும் உரையுமாக நடத்தினார்கள். அதே மராத்தி கீர்த்தனம்தான் தஞ்சாவூருக்கு வந்து கிருஷ்ண பாகவதர் கையில் ஹரிகதை காலட்சேபமாக உருக்கொண்டது. ஒரே கிளை, இரண்டு கனி.

1950களில் கொச்சி யூதர்கள் இஸ்ரேலுக்குப் போனார்கள். பிள்ளைகள் எபிரேயத்தில் படித்தார்கள். நோட்டுகள் பெட்டிக்குள் போயின. 1951இல் குடியேறிய ரூபி டேனியல் அவற்றை ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கத் தொடங்கினார். பார்பரா ஜான்சனுடன் சேர்ந்து எழுதிய அவருடைய நினைவுநூல் 1995இல் வந்தது. கேரளப் பேராசிரியர் ஸ்கறியா சக்கரியாவும் ஓஃபிரா கம்லியேலும் பதிப்பித்த ‘கார்குழலி’ 2005இல் ஜெருசலேமில் மலையாளமும் எபிரேயமும் பக்கம் பக்கமாக அச்சானது. அதற்கு முந்தைய ஆண்டு ஜெருசலேமின் யூத இசை ஆய்வு மையம் இந்தப் பாட்டுகளின் ஒலித்தட்டை வெளியிட்டது. இஸ்ரேலில் வயதான கொச்சிப் பெண்கள் சிலர் குழுவாகக் கூடி மேடைகளில் பாடத் தொடங்கினார்கள்.

கடந்த இருபது ஆண்டுகளில் மற்ற சமூகங்களிலும் பேரப்பிள்ளைகள் திரும்பி வருகிறார்கள். தாவூதின் பேரன் தூதூ தாஸா 2011இல் தாத்தாவின் பாட்டுகளை ராக் இசையோடு இணைத்துப் பாடினார். 2017இல் ரேடியோஹெட் குழுவின் அமெரிக்கப் பயணத்தில் அவற்றைப் பாடினார். ஏமன் வழிவந்த மூன்று சகோதரிகளின் ‘ஆவா’ குழு, பாட்டிமார் பாடிய ‘ஹபீப் கல்பி’யை 2015இல் வெளியிட்டது. அரபில் அமைந்த அந்தப் பாட்டு இஸ்ரேலின் தரவரிசையில் முதலிடம் பிடித்தது. புரூக்ளினில் பிஸ்மோன் எழுதுவது நிற்கவே இல்லை. ஜெருசலேமின் தேசிய நூலகத்து ஒலிக்காப்பகத்தில் இத்தனை ஊர்க் குரல்களும் ஒரு கூரையின்கீழ் இருக்கின்றன. கொச்சிப் பாட்டுகளுக்கு மட்டும் இன்னும் வேண்டியது மலையாளமும் பழந்தமிழும் எபிரேயமும் ஒருசேரத் தெரிந்த இளம் ஆய்வாளர்கள். தமிழ்ப் பல்கலைக்கழகங்களும் அந்த வேலையில் இறங்கலாம்.